ஏட்டுச் சுவடி முதல் செப்பனிட்ட கணினி வரை

அருகன் அறம் பேணும் இல்லறத்தார்க்கு நாள்தோறும் விதிக்கப்பட்ட கடமைகள் ஆறு. தேவபூசை, குருவந்தனை, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம் என அவை எண்ணப்பெறும். இவற்றுள் இறுதியாக வைக்கப்பட்ட தானத்தை ஆகார தானம், ஔஷத தானம், அபய தானம், சாஸ்திர தானம் என நான்காக வகுத்து வழங்குவது மரபு. பசித்தவர்க்கு உணவும், பிணியுற்றவர்க்கு மருந்தும், அஞ்சி வந்தவர்க்கு அடைக்கலமும், அறிய விரும்புவோர்க்கு நூலும் ஈதல் என்பது இதன் பொருள்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இந்நான்கினைச் சற்றே வேறு வகையாகக் கூறுவார். உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்பன அவர் காட்டும் நான்கு. தமிழில் அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பினைப் பயின்ற குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று. உபகரணம் என்னும் சொல் துறவியர்க்கு வேண்டிய கருவிகளையே முதலில் குறித்தது. அக்கருவிகளுள் நூலும் ஒன்றாக எண்ணப்பட்டது. அதனை ஞானத்திற்குரிய உபகரணம் என்று ஆன்றோர் போற்றினர். துறவியர்க்கு ஈந்த அம்மரபே காலப்போக்கில் மாணவர்க்கும் வறியவர்க்கும் விரிந்து, பாடசாலைகளாகவும் நூல்நிலையங்களாகவும் வளர்ந்தது.

இன்றைய மாணவர்க்கு ஞானோபகரணமாக நிற்பது கணினி. கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அலுவலகங்களும் இல்லங்களும் பயன்படுத்தி விலக்கிய கணினிகளைச் செப்பனிட்டு, வசதியற்ற பள்ளிகளுக்கு வழங்கும் பணி பல நாடுகளில் நடந்து வருகிறது. அவ்வரலாற்றில் போற்றத்தக்க பகுதியும் உண்டு. வருந்தத்தக்க பகுதியும் உண்டு. இரண்டையும் அறிந்து கொடுப்பதே அறிந்தோர் கொடை.

தானத்தை அளக்கும் நான்கு அளவைகள்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் தானத்தின் இலக்கணத்தைச் சுருங்கச் சொல்கிறார். நன்மை விளையும்பொருட்டுத் தனக்குரிய பொருளைத் துறத்தலே தானம் என்பது அதன் கருத்து. அதனை அடுத்து, விதி, திரவியம், தாதா, பாத்திரம் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் பயன் மிகும் என்கிறார். விதி என்பது கொடுக்கும் முறை. திரவியம் என்பது கொடுக்கப்படும் பொருள். தாதா என்பவர் கொடுப்பவர். பாத்திரம் என்பது பெறுபவர்.

இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் தானத்தின் பயன் குறையும். நல்ல பொருளைத் தவறான முறையில் கொடுப்பதும், நல்ல மனத்தோடு கெட்ட பொருளைக் கொடுப்பதும், பெறுபவரின் நிலையை அறியாது கொடுப்பதும் நிறைவான தானம் ஆகா. ஏட்டுச் சுவடிகளின் வரலாறும், கணினிக் கொடையின் வரலாறும் இவ்வளவைகளால் ஒருசேர அளக்கத் தக்கவை.

ஏடு எழுதிக் கொடுத்த காலம்

செவிவழியாக வந்த ஆகமம் மறைந்துவிடுமோ என்னும் கவலையில் தரசேன ஆசாரியர் கிரிநகரில் இரு முனிவர்களை வருவித்துக் கற்பித்தார் என்பது திகம்பர மரபு. அவர்களே புட்பதந்தரும் பூதபலியும் ஆவர். கல்வி முடிந்தபின் புட்பதந்தர் வனவாச நாட்டிற்கும், பூதபலி திரமிள தேசமாகிய தமிழகத்திற்கும் சென்றனர் என்று தவளா உரை கூறுகிறது. அவர்கள் ஆக்கிய சட்கண்டாகமம் எழுத்துருப் பெற்று நிறைவெய்திய நாளே சுருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகிறது. நூலின் பிறந்தநாளைப் பண்டிகையாகக் கொண்ட சமயம் இது.

ஓலையில் ஒரு நூலை எழுதுவது எளிய செயல் அன்று. பனையோலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கித் துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, கீறிய எழுத்தில் கரி தடவித் துலக்க வேண்டும். அதன்பின் கயிற்றில் கோத்துச் சட்டங்களுக்கிடையே கட்ட வேண்டும். இத்தனை உழைப்பில் விளைந்த ஏடும் சில நூற்றாண்டுகளில் செல்லரித்தும் முறிந்தும் போகும். ஆகையால் ஒரு நூலைக் காப்பது என்பது, தேய்ந்த ஏட்டைப் புதிய ஓலையில் மீண்டும் மீண்டும் படியெடுப்பதாகவே இருந்தது. படியெடுப்பித்துக் கொடுத்தவரும் சாஸ்திர தானம் செய்தவராகவே கருதப்பட்டார்.

பத்தாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் தைலபன் காலத்தில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் அம்மையார் இதற்குச் சிறந்த சான்று. கன்னடக் கவி பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியவர் அவர். அச்சு இயந்திரம் இல்லாத நாளில் ஆயிரம் படிகள் என்பது எத்தனை எழுத்தாளரின் எத்தனை நாள் உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தானசிந்தாமணி என்னும் பெயர் அவருக்கு வழங்கியது. கவி ரன்னனையும் ஆதரித்து, 993ஆம் ஆண்டளவில் அஜிதபுராணம் தோன்றக் காரணமாக இருந்தவரும் அவரே.

தமிழகத்தில் சமணத் துறவியர் உறைந்த இடத்தைக் குறித்த பள்ளி என்னும் சொல் இன்று கல்விக்கூடத்தின் பெயராக நிலைபெற்றுள்ளது. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் பெயர்களும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் காணப்படுகின்றன. கற்பித்தலும் கற்றலும் ஆண்பால் பெண்பால் இருவர்க்கும் உரியனவாக இருந்தமைக்கு அக்கற்கள் சான்று பகர்கின்றன.

காத்தலும் கற்பித்தலும்

ஏட்டைக் காத்தது மட்டுமே ஞானத்தைக் காத்ததாகாது என்பதற்கும் சமண வரலாற்றிலேயே சான்று உண்டு. சட்கண்டாகமமும் அதன் பேருரையாகிய தவளாவும் பழங்கன்னட எழுத்தில் எழுதிய ஓலைச்சுவடிகளாக மூடுபிதிரியில் பாதுகாக்கப்பட்டன. உலகில் வேறெங்கும் அவை முழுமையாக எஞ்சவில்லை. அவற்றைக் காத்த மூடுபிதிரி மக்களின் பக்தியை எத்துணை புகழ்ந்தாலும் தகும். ஆயினும் பல நூற்றாண்டுகள் அச்சுவடிகள் யாத்திரிகர் தரிசித்து வணங்கும் பொருளாகவே இருந்தன. கற்பாரும் கற்பிப்பாரும் அருகினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றைப் படியெடுக்கும் பணி தொடங்கியது. ஹீராலால் ஜெயின் முதலிய அறிஞர்களின் உழைப்பால் 1939இல் முதல் தொகுதி அச்சேறியது. தொடர்ந்து தவளா 16 தொகுதிகளாக நிறைவெய்தியது. அதன் பின்னரே அப்பேராகமம் மீண்டும் கற்போர் கைக்கு வந்தது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி கும்பகோணத்தில் நடந்தது. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த உ. வே. சாமிநாதையருக்கு ஏடு கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. சமண சமயக் கருத்துகளும் வழக்குச் சொற்களும் அவருக்குப் புலப்படவில்லை. அவ்வூரில் வாழ்ந்த சமணக் குடும்பங்களை அவர் நாடினார். அங்கே சிந்தாமணி வாழும் நூலாக இருந்தது. அதனைப் படித்து முடித்த நாளை விழாவாகக் கொண்டாடும் வழக்கமும் இருந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர் பொறுமையுடன் ஐயங்களைத் தீர்த்தனர். 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தபோது தமிழுலகம் ஒரு பெருங்காப்பியத்தைத் திரும்பப் பெற்றது.

ஏடு ஒரு பாதி; அதனைப் பொருளுணர்ந்து சொல்லித்தரும் ஆசிரியர் மறுபாதி. இவ்வுண்மையைக் கணினியைப் பொறுத்தவரை உலகம் பெரும் பொருட்செலவில் மீண்டும் கற்க நேர்ந்தது.

விலக்கிய கணினிகள் பள்ளிக்குச் சென்ற வரலாறு

1980களில் மேசைக் கணினிகள் அலுவலகங்களில் பெருகின. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வகைகள் வந்தமையால், நன்கு இயங்கும் கணினிகளும் பழையன என்று ஒதுக்கப்பட்டன. அதே நேரத்தில் ஒரு கணினியேனும் இல்லாத பள்ளிகள் ஏராளமாக இருந்தன. இவ்விரண்டையும் இணைக்கும் எண்ணம் கனடாவில் 1993ஆம் ஆண்டு ஓர் அரசுத் திட்டமாக உருப்பெற்றது. பள்ளிகளுக்கான கணினிகள் என்பது அதன் பெயர். அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் மிகையான கணினிகள் பணிமனைகளுக்கு வந்தன. தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தன்னார்வலர்கள் அவற்றைச் செப்பனிட்டுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பினர். பின்னர் அப்பணிமனைகளே இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி தரும் இடங்களாகவும் ஆயின.

அமெரிக்காவில் 1996 ஏப்ரல் 17 அன்று குடியரசுத் தலைவர் கிளிண்டன் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். நடுவண் அரசுத் துறைகள் தமக்கு மிகையான கணினிகளைப் பள்ளிகளுக்கும் கல்விசார் தொண்டு நிறுவனங்களுக்கும் மாற்றித் தரவேண்டும் என்றும், தேவை மிக்க பள்ளிகளுக்கு முன்னுரிமை அளிக்கவேண்டும் என்றும் அவ்வாணை கூறியது. 1990களின் இறுதியில் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்ப்யூட்டர் எய்ட் இன்டர்நேஷனல் என்னும் தொண்டு நிறுவனம், செப்பனிட்ட கணினிகளை ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் கல்வி நிலையங்களுக்குக் கப்பலில் அனுப்பத் தொடங்கியது. 2002இல் கென்யாவிலேயே இத்தகைய அமைப்பொன்று தோன்றிப் பள்ளிகளுக்குக் கணினி அமைத்துத் தந்தது.

கொலம்பியா கற்பித்த பாடம்

இவ்வரலாற்றில் ஊன்றிக் கற்கத்தக்கது தென் அமெரிக்க நாடாகிய கொலம்பியாவின் அனுபவம். கனடாவின் முறையைப் பின்பற்றி 2000ஆம் ஆண்டில் அங்கு கொம்புத்தாதோரெஸ் பாரா எதுகார் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. கல்விக்கான கணினிகள் என்பது அப்பெயரின் பொருள். வணிக நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தந்த கணினிகள் பெருநகரப் பணிமனைகளில் செப்பனிடப்பட்டு, மலைநாட்டுச் சிற்றூர்கள் உள்ளிட்ட நாடெங்குமுள்ள அரசுப் பள்ளிகளுக்குச் சென்றன. பொருளைக் கொடுப்பதோடு நில்லாமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. கணினியின் துணையால் தாய்மொழியாகிய ஸ்பானியப் பாடத்தைச் செம்மையாகக் கற்பிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

இதன் பயனை அறிய ஃபெலிப்பே பர்ரேரா-ஒசோரியோ, லீ லிண்டன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 97 பள்ளிகளில் ஆய்வு செய்தனர். அப்பள்ளிகளுள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அவற்றுக்குக் கணினி தந்து, ஏனைய பள்ளிகளோடு ஒப்பிட்டனர். 2009இல் உலக வங்கியின் வாயிலாக வெளியான அவ்வாய்வின் முடிவு கொடையாளர் பலரைத் திகைக்க வைத்தது. கணினி பெற்ற பள்ளி மாணவரின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. எந்த வகுப்பிலும், எந்தப் பாடத்திலும், ஆண் பெண் இருபாலரிடத்தும் நிலை அதுவே.

காரணத்தையும் ஆய்வாளர்கள் கண்டு கூறினர். கணினிகள் பழுதின்றி வந்து சேர்ந்தன. ஆசிரியர்களும் அவற்றைத் தொட்டுப் பழகினர். ஆயினும் கணினியை எப்படி இயக்குவது என்பதைக் கற்பிக்கவே அவை பயன்பட்டன. மொழிப்பாடத்திற்கோ கணக்கிற்கோ அறிவியலுக்கோ அவை துணையாக்கப்படவில்லை. பாத்திரம் தகுதியுடையது; திரவியமும் நல்லது; விதியில் குறை நேர்ந்தது. கும்பகோணத்தில் சாமிநாதையர் கையில் இருந்த ஏட்டிற்கும் கொலம்பியப் பள்ளியில் இருந்த கணினிக்கும் தொடக்கத்தில் நிலை ஒன்றே.

அத்திட்டம் கைவிடப்படவில்லை. ஆசிரியர்ப் பயிற்சிக்கு முன்னினும் மிகுந்த இடம் தரப்பட்டது. 2011இல் அந்நாட்டின் ஆண்டஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, மாணவர் படிப்பை இடையில் நிறுத்துவது குறைந்திருப்பதையும், அதில் ஆசிரியர்ப் பயிற்சிக்கு உரிய பங்கையும் எடுத்துக் காட்டினர். குறையை மறைக்காது ஆராய்ந்து திருத்திக்கொண்டமையே அத்திட்டத்தின் சிறப்பு.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. செப்பனிட்ட கணினியும் ஒருநாள் செயலிழக்கும் என்பதை உணர்ந்து, பள்ளிகளில் பயனற்றுப் போனவற்றைத் திரும்பப் பெற்றுப் பிரித்தெடுக்கும் நிலையத்தையும் கொலம்பியா பின்னாளில் அமைத்தது. பிரித்த உறுப்புகளிலிருந்து மாணவர்க்கு இயந்திரவியல் கற்பிக்கும் கருவிகளும் செய்யப்பட்டன. கொடுத்த பொருளின் இறுதி வரை கொடுத்தவருக்குப் பொறுப்பு உண்டு என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

கொடை என்னும் பெயரால் நேர்ந்த ஹிம்சை

இனி வருந்தத்தக்க பகுதி. செல்வ நாடுகளில் பழைய கணினியை முறைப்படி அழிக்கச் செலவு மிகுதி. ஆகவே அவற்றைக் கப்பலேற்றி வறிய நாடுகளுக்கு அனுப்பும் வணிகம் வளர்ந்தது. ஏழை நாடுகளுக்குக் கணினி வசதி சேர்க்கிறோம் என்னும் நற்பெயரும் அதற்குப் போர்வையானது. தீங்கான கழிவுகள் நாடுவிட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்திருந்தது. எனினும் பயன்படுத்தத்தக்க பழம்பொருள் என்று எழுதிய பெட்டிகள் தடையின்றிக் கடந்தன.

2005இல் பாசல் ஆக்ஷன் நெட்வொர்க் என்னும் அமைப்பு நைஜீரியாவின் லாகோஸ் துறைமுக நகரில் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. திங்கள்தோறும் ஏறத்தாழ 500 சரக்குப் பெட்டகங்களில் பழைய கணினிகளும் மின்னணுப் பொருள்களும் அங்கு வந்து இறங்கின. அவற்றுள் முக்கால் பங்கு வரை செப்பனிடவும் ஆகாத குப்பை என்று உள்ளூர் வல்லுநர்கள் கூறினர். லாகோஸ் நகரின் பழுதுபார்ப்போர் திறமையில் குறைந்தவர் அல்லர். சீராக்க இயன்றதை அவர்கள் சீராக்கினர். எஞ்சியவை ஊர்ப்புறத்திலும் சதுப்பு நிலத்திலும் கொட்டி எரிக்கப்பட்டன. அவ்வறிக்கையாளர் அங்கு வாங்கிய வன்தட்டுகளில், முன்னாள் உரிமையாளர்களின் தனிப்பட்ட தகவல்கள் அழிக்கப்படாமல் இருந்ததும் வெளிப்பட்டது.

கணினிக்குள் இருப்பனவற்றை எண்ணினால் இத்தீங்கின் அளவு விளங்கும். பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயம் மிகுதியாக உண்டு. பழைய தட்டைத் திரைகளின் விளக்குகளில் பாதரசம் உண்டு. செம்புக்காக மின்கம்பிகளை எரிக்கும்போது அவற்றின் மேலுறையிலிருந்து டையாக்சின் என்னும் நச்சு எழும். எரிப்பவர்களுள் சிறுவர்களும் உளர். எரித்த நிலத்தில் ஊர்வனவும், வழிந்த நீரில் வாழ்வனவும் உடன் வருந்தும். ஈருயிர் ஓருயிர் என்று எறும்பையும் புழுவையும் எண்ணி நடப்பவர், தாம் விலக்கிய ஒரு பெட்டி எங்கோ ஒரு சிறுவனின் மூச்சில் நஞ்சாகக் கலப்பதை எண்ணாது இருத்தல் இயலாது. கொன்றவர் கை வேறு; அனுப்பியவர் கை வேறு என்று சொல்லி வினையிலிருந்து விலகவும் இயலாது. தானே செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்குக் காரணம் என்பது அருகன் அறத்தின் அடிப்படை.

இதற்காகப் பழைய கணினியைக் கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்வதும் பொருந்தாது. புதிய கணினியை ஆக்குவதிலும் பெருந்தீங்கு உண்டு. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாளைய மேசைக் கணினி ஒன்றை அதன் திரையோடு உருவாக்க 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருள்களும், 1,500 கிலோ நீரும் செலவாயின. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் ஓரறிவுயிர் உறையும் உடலாகக் காணும் சமண நோக்கில் இவ்வெண்கள் பொருள் மிக்கவை. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட இத்தீங்கிற்கு ஈடாக, செய்த கணினியை முழு ஆயுளும் பயன்படுத்துவதே குறைந்த ஹிம்சைக்கு வழி. அபரிக்கிரகம் என்னும் அளவோடு வைத்தல் விரதமும் இதையே வேண்டுகிறது. அலமாரியில் உறங்கும் கணினி, பயன்படாமல் சேர்த்து வைத்த செல்வமே ஆகும்.

செப்பனிடுதல் என்னும் பணி

ஓலையைப் படியெடுப்பதுபோல் கணினியைச் செப்பனிடுவதும் படிப்படியான பணி. முதலில் கணினியைத் திறந்து தூசு நீக்கி, நினைவகம், மின்வழங்கி, மின்விசிறி, விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மடிக்கணினியாயின் மின்கலம் உப்பியுள்ளதா என்று பார்த்தல் முதன்மையானது. உப்பிய மின்கலம் தீப்பற்றக்கூடும். பழைய வன்தட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தையும் சிறிது கூட்டினால் பத்தாண்டுப் பழமையான கணினியும் பள்ளிப் பணிக்கு விரைவாக இயங்கும்.

அடுத்தது தகவல் அழித்தல். கோப்புகளை நீக்குவதால் அவற்றின் இடக்குறிப்பு மட்டுமே மறையும். உள்ளடக்கம் வன்தட்டில் தங்கியிருக்கும். முழுத் தட்டையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளைக் கொண்டு துடைத்த பின்னரே பிறர் கையில் தரவேண்டும். குடும்பத்தின் வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் நிழற்படங்களும் கணினியோடு வெளியேறினால், கொடுத்தவர்க்கே அது தீங்காக முடியும்.

மூன்றாவது இயங்குதளம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாமையால், நன்கு இயங்கும் கணினிகள் பல இன்று ஒதுக்கப்படுகின்றன. இவற்றுக்கு லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் புதுவாழ்வு தருகிறது. பிரான்சில் அபே பியேர் என்னும் பாதிரியார் 1949இல் தொடங்கிய எம்மாவுஸ் சமூகங்கள், பிறர் விலக்கிய பொருள்களைச் சீர்செய்து விற்று அறப்பணி நடத்துபவை. அவர்கள் செப்பனிடும் பழைய கணினிகளுக்காகவே 2011இல் எம்மாபுண்டூஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பு உருவாக்கப்பட்டது. இன்று அது மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய டோகோவின் பள்ளிகளிலும் பயன்படுகிறது.

நான்காவதும் இன்றியமையாததும் உள்ளடக்கம். இணைய வசதி இல்லாத பள்ளியிலும் பயன்படும்படி, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் வழியே கணினியிலேயே பதிந்து தர இயலும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கும் பழந்தமிழ் நூல்களையும் அதில் சேர்க்கலாம். அன்று அத்திமப்பே ஓலையில் செய்வித்த பணியை இத்தன்னார்வலர்கள் விசைப்பலகையில் செய்தனர். சிந்தாமணியைத் தேடி சாமிநாதையர் வீடுவீடாக அலைந்த நிலை மாறி, சிற்றூர்ப் பள்ளி மாணவி அதனைத் தன் மேசையில் திறந்து படிக்கக்கூடிய காலம் இது.

நான்கு அளவைகளும் இன்றைய கடமையும்

இவ்வரலாற்றை உமாஸ்வாமி ஆசாரியர் தந்த அளவைகளோடு பொருத்தினால் கொடுப்போர் கொள்ளத்தக்க நெறி தெளிவாகும்.

திரவியத்தைப் பொறுத்தவரை, தம் பிள்ளைகள் நாளை முதல் அதிலேயே படிக்க வேண்டும் என்றால் எதனை ஏற்பார்களோ அதனையே பிறர் பிள்ளைகளுக்கும் தருதல் வேண்டும். இயங்காதது தானப்பொருள் ஆகாது. அதனை முறையாகப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்தலே அறம். இந்தியாவில் 2012 மே முதல் மின்னணுக் கழிவுக்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. 2023 ஏப்ரல் முதல் அவை திருத்திய வடிவில் செயல்படுகின்றன.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, பெறும் பள்ளியில் மின்னிணைப்பு, பூட்டிக் காக்கும் அறை, பொறுப்பேற்கும் ஆசிரியர் ஆகிய மூன்றும் உண்டா என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். அப்பள்ளிக்குத் தேவை எது என்பதை அப்பள்ளியே சொல்ல வேண்டும். பத்துக் கணினிகளை ஏற்க இயலாத பள்ளிக்கு மூன்று போதும்.

விதியைப் பொறுத்தவரை, கணினியோடு ஆசிரியர்க்குப் பயிற்சியும், பழுதுற்றால் அழைக்க ஒருவரும், ஆயுள் முடிந்தபின் திரும்பப் பெறும் ஏற்பாடும் சேர்ந்தே செல்ல வேண்டும். கொலம்பியாவில் முதலில் குறைந்ததும் பின்னர் நிறைந்ததும் இதுவே. பொறியியல் பயின்ற இளைஞர் இன்று சமணக் குடும்பங்களில் பலர் உளர். விடுமுறையில் ஊர் திரும்பும் அவர்கள் பள்ளியில் செலவிடும் இரண்டு நாள், இரண்டு கணினியினும் பெரிய கொடையாகும்.

தாதாவைப் பொறுத்தவரை, வீட்டில் இடத்தை அடைத்த பொருளைக் கழித்தோம் என்னும் எண்ணமும், பெயர்ப்பலகையில் பெயர் வரும் என்னும் எண்ணமும் நீங்குதல் வேண்டும். கைம்மாறு கருதாமை கொடுப்பவர்க்குரிய குணங்களுள் முதலில் வைத்துப் போற்றப்படுவது.

சுருத பஞ்சமி நாளில் ஜினாலயங்களிலும் இல்லங்களிலும் சுவடிகளையும் நூல்களையும் வெளியில் எடுத்துத் தூசு தட்டி, புதிய துணியில் கட்டி வழிபடுவது வழக்கம். நூலுக்குச் செய்யும் பூசையிலேயே நூலைக் காக்கும் பணியையும் முன்னோர் அடக்கி வைத்தனர். அந்நாளிலேயே, கொடுத்த கணினிகள் உள்ள பள்ளிக்குச் சென்று, அவற்றைத் திறந்து துடைத்து, இயங்காதவற்றைச் சீர்செய்து, பயனற்றவற்றைத் திரும்பக் கொணர்வதை ஆண்டுதோறும் ஒரு வழக்கமாக்கினால், பூதபலி முனிவர் இந்நாட்டிற்குக் கொணர்ந்த ஞானதானத்தின் நெறி இக்காலக் கருவியிலும் தொடரும்.